ஓசூரில் எடுக்கக் கூடாத முடிவு

"இந்தியாவில் தங்கியிருக்கும் நாட்களில் கம்பெனி தொடர்பாக நீங்கள் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். முடிவு எடுத்ததாக மற்றவர்களுக்குத் தோன்றும்படியும் நடந்துகொள்ள வேண்டாம். கையெழுத்து, மின்னஞ்சல், வாய்ப்பேச்சு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்."

சிங்கப்பூரிலிருந்து ஒரு வழக்கறிஞர் என் கணவர் முரளிக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இது. தமிழ் என்னுடையது. மாசி முடிந்து பங்குனி பிறந்த வாரம், செவ்வாய்க்கிழமை, காலை ஆறு ஐம்பதுக்கு வந்திருக்கிறது. அன்று பகல் பதினொரு மணிக்கு முரளி பெங்களூரில் விமானத்தில் வந்து இறங்கினார். எங்கள் ஊர் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேர்த் திருவிழாவுக்காக வந்தார். திங்கட்கிழமை காலை திரும்ப வேண்டும்.

ஆண்டைச் சொல்லப் போவதில்லை. இதில் வருகிறவர்கள் பலரும் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்பதால் ஆண்டை விட்டுவிடுவதாக இந்தத் தொடரின் முதல் வாரமே பத்திரிகை ஆசிரியரிடம் பேசிக்கொண்டேன். கிழமையும் மணியும் என் நோட்டில் உள்ளபடி.

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார்: "அறையைப் பற்றி ஆறு வாரமாக எழுதுகிறீர்கள். அந்த அறையில் உங்களோடு இருந்தவர் இப்போது எங்கே?" இந்த வாரம் அவருக்கான பதில்.

அதற்கு முன் ஒரு திருத்தம். சென்ற வாரம் அறையின் நீளம் இருபத்திரண்டு அடி என்று எழுதிவிட்டேன். இருபது அடிதான். பதினான்கு வருடம் அளவுக் கருவி ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் செய்யக் கூடாத பிழை. அறை கையை விட்டுப் போனபின் மனதில் வளர்ந்துவிட்டது போலிருக்கிறது.

தேருக்கு வந்தவர்

ஒன்றரை வருடத்துக்கு என்று சிங்கப்பூர் போனவர். அவர் வாசலில் வந்து நின்றபோது இரண்டே கால் வருடம் ஆகியிருந்தது. கையில் ஒரு சின்னப் பெட்டி.

உள்ளே வராமல் மூச்சை இழுத்தார். பக்கத்து ஷெட்டில் யாரோ கூலண்ட் மாற்றிக்கொண்டிருந்தார்கள். லேத்தில் இரும்பு வெட்டுகிற இடத்தில் ஊற்றுகிற அந்தப் பால் நிற எண்ணெய்த் தண்ணீர் பழசானால் புளித்த வாடை வரும். பாகலூர் சாலைப் பக்கம் குடியிருக்கும் பாதி வீடுகளுக்கு அது பழக்கம்.

"அங்க எதுக்குமே வாடை இல்ல ரேவதி," என்றார்.

அடுப்படியிலிருந்து கேட்டேன்: "ஏங்க, தோசை ஊத்தட்டா, உப்புமா போதுமா?"

"லெட்டரப் பாத்தியா? நான் எதையும் முடிவு பண்ணக்கூடாது."

"தோசை கம்பெனி விஷயமா?"

"தெரியல. வக்கீலக் கேட்டுச் சொல்றேன்."

சிரித்தோம். போனில் அவர் சிரிப்பது எனக்கு அரை நொடி தள்ளித்தான் வந்து சேரும். நான் சிரித்து முடித்த இடத்தில் அவர் தொடங்குவார். அன்று இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டது. உப்புமா கிண்டினேன்.

உடைப்பதுதான் வேலை

இந்த வாரம் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக. நானும் முரளியும் ஓசூர் சிப்காட்டில் ஒரே தொழிற்சாலையில் இருந்தவர்கள். அவர் இயந்திரப் பராமரிப்பு, நான் ஆய்வகம். இருவரும் வேலையை விட்டுவிட்டு, வாடகைக்கு எடுத்த ஒரு அறையில் ஒரு கருவி செய்தோம். லேத்தின் மேல் ஒட்டிவைத்தால் இரும்பை வெட்டுகிற சத்தத்தை அது கேட்டுக்கொண்டே இருக்கும். இரும்பை வெட்டும் முனையான டூல் உடையப் போகிறது என்றால் சில நொடி முன்னால் லேத்தை நிறுத்திவிடும். பட்டறைக்காரர்கள் அதற்கு 'காது' என்று பெயர் வைத்தார்கள்.

உடையும்போது எப்படிக் கேட்கும் என்று காதுக்குத் தெரிய வேண்டுமானால் அதன் முன்னால் டூல்கள் உடைய வேண்டும். ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கில். ஊரில் எல்லாப் பட்டறையிலும் டூல் உடையாமல் காப்பாற்றுவார்கள். எங்கள் அறையில் உடையும்வரை ஓட்டுவோம். வேண்டுமென்றே உடைக்கிறோம் என்று தெரிந்ததும், பக்கத்து ஷெட்டுக்காரர் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

லேத்தில் நின்றவர் முனிரத்னம். பர்கூர்க்காரர், எங்களைவிட நாலைந்து வயது இளையவர். டூல் போகப் போகிறதென்று அவருக்குத் தோன்றினால் இடது கைச் சுட்டுவிரலைத் தூக்குவார். விரல் தூக்கிய நேரம், காது சிவப்பு விளக்கைப் போட்ட நேரம், டூல் உடைந்த நேரம் மூன்றையும் நான் நோட்டில் எழுதுவேன். தேதி, உலோகம், லேத்தில் நின்றது யார் என்பதும் இருக்கும். முதல் வருடம் முழுக்க விரல்தான் ஜெயித்தது.

"உங்க காதுல இன்னும் அழுக்கு எடுக்கணும்க்கா," என்பார் முனிரத்னம்.

உடையுமுன் சத்தம் பெரிதாகும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பெரிதாகாது, மெலியும். காதருகே வந்த கொசு விலகிப் போவதைப் போல ஒரு மெலிவு. அந்த மெலிவு தொடங்கும்போது முரளி கண்ணை மூடிக்கொள்வார். அவர் முகத்தை நான் நிதானமாகப் பார்த்ததெல்லாம் அந்தச் சில நொடிகளில்தான்.

வீட்டில் அவரை 'ஏங்க' என்பேன். அறைக்குள் 'முரளி'. தொழிற்சாலையில் பழகியது, மாற்றிக்கொள்ளவில்லை.

ஷூவைக் கழற்றிய ரோஹன்

பெங்களூரிலிருந்து ஒரு முதலீட்டு நிறுவனத்தின் சார்பில் ரோஹன் வந்தார். கோயம்புத்தூரில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கெட்ட மனிதர் என்று அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை.

அறை வாசலில், யாரும் சொல்லாமலே, ஷூவைக் கழற்றினார். உள்ளே தரை முழுக்க இரும்புச் சுருள். "ஐயோ சார், ஷூவப் போடுங்க, கால் கிழிஞ்சிரும்!" என்று முனிரத்னம் லேத்தை விட்டுவிட்டு ஓடினார். அந்த ஓட்டத்தில் ஒரு டூல் உடைந்து, அதை நான் எழுதத் தவறினேன். நோட்டில் அந்த வரிசை எண் காலியாக இருக்கிறது.

ஒரு மணி நேரம் நின்று கேட்டார். உண்மையாகவே பிடித்துப்போய்விட்டது அவருக்கு. தேநீர் குடிக்கும்போது சொன்னார்:

"ஒரே ஒரு விஷயம்தான் மேடம். இந்தியக் கம்பெனியா இருந்தா எங்க ஆளுங்க உள்ள வரமாட்டாங்க. மேல ஒரு சிங்கப்பூர் கம்பெனி, அதுக்குக் கீழ உங்க ஓசூர் கம்பெனி. பேப்பர்ல மட்டும்தான். இந்த ரூமு இங்கயே இருக்கும்."

"என்னாத்துக்கு சிங்கப்பூரு?" என்று கேட்டேன்.

"அந்தச் சட்டம் அவங்களுக்குப் பழக்கம். நாளைக்கு ஒருத்தர் கம்பெனிய வாங்க வந்தாலும் அதத்தான் கேப்பாங்க."

"மாட்டோம்னு சொன்னா?"

ரோஹன் தம்ளரைக் கீழே வைத்தார். "வேற யாரக் கேட்டாலும் இதையேதான் சொல்வாங்க மேடம். கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தோம். மூன்று பேர். இரண்டு பேர் சிங்கப்பூர் என்றார்கள். ஒருவர் அமெரிக்கா என்றார்.

காகிதங்கள் தயாரான பிறகு வழக்கறிஞர்கள் அடுத்ததைச் சொன்னார்கள். கம்பெனி சிங்கப்பூரில் இருக்கிறது, ஆனால் அதை நடத்துகிறவர்கள் ஓசூரில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள் என்றால், இங்கேயுள்ள வரித்துறை அதை இந்தியக் கம்பெனியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆகவே எங்களில் ஒருவர் அங்கே குடியிருக்க வேண்டும். முடிவுகள் அங்கேயே எடுக்கப்பட வேண்டும்.

யார் போவது என்று பேசியது அறையில்தான், ஒரு சாயங்காலம். மகள் அந்த வருடம் கோவையில் விடுதியில் சேர்ந்திருந்தாள். பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. "நீங்க போங்க முரளி. நோட்டு எங்கிட்ட இருக்குது," என்றேன். அந்த முடிவு ஓசூரில் எடுக்கப்பட்டது. எடுத்தவள் நான்.

ரோஹன் ஒரு வார்த்தை கொடுத்தார். ஒன்றரை வருடத்தில் அறையில் போதுமான அளவு டூல் உடைந்திருக்கும், காது தேறியிருக்கும். அதன்பிறகு சிங்கப்பூர் நாற்காலியில் வேறு ஒருவரை உட்காரவைத்துவிட்டு முரளி ஓசூருக்கே திரும்பி, அறையை நடத்தலாம். டூல் உடைந்த நேரத்தை நொடிக்கணக்கில் எழுதியவள், இதை எழுதி வாங்கவில்லை.

ஆகவே எனக்கு அந்த அறை வெறும் அறை அல்ல. அது இருக்கிறவரை முரளி திரும்பி வருவதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஆறரை மணி

தினமும் காலை ஆறரைக்குப் போன் வரும். அவருக்கு அப்போது ஒன்பது. கம்பெனிப் பேருந்துகள் முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்கள் தெருமுனையில் திரும்புகிற நேரம்.

மாதங்கள் போகப் போக, பேச்சு குறைந்து ஒரு புதுப் பழக்கம் வந்தது. "ரூமுக்குப் போறப்ப கூப்பிடு. லேத்துச் சத்தம் கொஞ்சம் கேக்கறேன்," என்பார். போனை லேத்தின் தலைப்பக்கம் காட்டிக்கொண்டு நிற்பேன். முனிரத்னம் விரலைத் தூக்குவார். நான் போனில் "தூக்கிட்டாரு" என்பேன். சற்றுத் தள்ளி அங்கிருந்து, "எனக்கும் கேட்டுச்சு" என்று வரும். போனில் அந்த மெலிவு கேட்க வாய்ப்பே இல்லை. கேட்டது என்றுதான் சொல்வார்.

ரெட்டி வந்தார்

தேர் வியாழக்கிழமை. தேரின் மேல் உப்பும் மிளகும் வீசுகிற கூட்டத்துக்குள் முரளி சின்னப்பிள்ளைபோல முட்டிமோதிப் போய் வடத்தைத் தொட்டுவிட்டு வந்தார். சட்டையில் ஒரு பொத்தான் போயிருந்தது. வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது, அறையின் உரிமையாளர் கிருஷ்ணா ரெட்டி வந்துவிட்டார். முரளியோடு அவர் தெலுங்கும் தமிழுமாகப் பேசுவார். எனக்காக அன்று தமிழ்.

"சித்திரையோட உன் அக்ரிமெண்டு முடியுது முரளி. கூரியர்க்காரன் ஒருத்தன் ரூமக் கேட்டுக்கினு தெனம் வந்து நிக்கறான். நீ இருக்கியா, காலி பண்றியா? ஒரு வார்த்த சொல்லு."

"நான் இங்க இருக்கற வரைக்கும் ஒண்ணும் சொல்லக்கூடாதுண்ணா."

"யாரு சொன்னது?"

"வக்கீலு."

ரெட்டி என்னைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். "இங்க இருக்கறவந்தானேப்பா சொல்லணும்? ஊர்ல இல்லாதவனப் புடிச்சா நான் கேக்க முடியும்?"

"திங்கக்கெழம போயிருவேன். போயிட்டுச் சொல்றேன்."

"ஏரோப்ளேன் ஏறுனாத்தான் வாயி தொறக்குமா உனக்கு? இந்த ஊர்க் காத்து ஆவலியா?" காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் என்னிடம், "நீயாச்சும் சொல்லும்மா. உன் பேரும்தான் கம்பெனில கீது?" என்றார்.

என் பேர் இருந்தது கீழே உள்ள கம்பெனியில். அறையை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது மேலே உள்ள கம்பெனி சொல்ல வேண்டியது. இதை ரெட்டிக்கு எப்படி விளக்குவது என்று யோசிப்பதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மறுநாள் அறையில் இதை முனிரத்னத்திடம் சொன்னேன். முரளி லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா, இங்க சொன்னாத்தான தப்பு?" என்றார் முனிரத்னம். "ஜூஜுவாடி தாண்டுனா அப்பால வேற ஸ்டேட்டு. அங்க போய் நின்னுக்கினு சொல்லிட்டு வந்துருங்க. அப்படியே பெட்ரோலும் போட்டுக்கினு வந்தா ஆச்சு."

முரளிக்கு அடக்க முடியவில்லை. துடைக்கிற துணியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஜூஜுவாடிக்கு அப்பால்

முனிரத்னம் வேடிக்கைக்குச் சொன்னதா, நம்பிச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்த எண்ணம் ஊறிப்போனது.

ஜூஜுவாடி தமிழ்நாட்டின் கடைசி ஊர். நெடுஞ்சாலையில் அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். நான் பள்ளியில் படித்த நாட்களில், இங்கே முடியாத எதற்கும் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அந்தப் பக்கம் போய் முடிச்சுக்கலாம்." இங்கே லாட்டரி நின்றபோது அந்தப் பக்கம் சில காலம் இருந்தது. சைக்கிளில் போய் வாங்கிவந்தார்கள். இங்கே ஒரு படம் வெளியாகாமல் சிக்கிக்கொண்டபோது, உத்தனப்பள்ளியிலிருந்து டிராக்டர் பிடித்துப் போய் அந்தப் பக்கம் பார்த்துவந்தார்கள். என் அப்பாவும் போனார், தக்காளி பறிக்கிற நாளில். அம்மா அதை ஒரு வருடம் சொல்லிக்காட்டினாள். என் சித்தப்பாவின் பைக் எண் இன்றும் கர்நாடகம்தான். குடிக்கிறவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி வளர்ந்தவர்களுக்கு, ஒரு தடை என்றால் அது ஜூஜுவாடி வரைக்கும்தான் என்று எங்கோ உள்ளுக்குள் இருக்கும். வழக்கறிஞரின் கடிதத்தில் 'இந்தியா' என்று இருந்தது. 'ஓசூர்' என்றோ 'தமிழ்நாடு' என்றோ இல்லை. அதை நான் நான்கு முறை படித்தவள். இருந்தும், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முரளியின் பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபோது என் பையில் அறையின் ஒப்பந்தத் தாள் இருந்தது. ஒரு பேனாவும் இருந்தது.

போவோம் என்று சொன்னவர் முரளி. "சும்மா ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார்.

சுங்கச்சாவடிப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. காற்றில் இன்னும் காலைக் குளிர் இருந்தது. அவர் முதுகின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டேன். ஹெல்மெட் இடித்தது. பலகைகளில் எழுத்து மாறியது.

அத்திப்பள்ளியில் டீக்கடைக்காரர் "ஏனு கொட்லி சார்?" என்று கேட்டார், என்ன தரட்டும் என்று. முரளி கன்னடத்தில் இரண்டு டீ சொன்னார். ஒன்றில் சர்க்கரை குறைவாக என்று சேர்த்துச் சொன்னார். சர்க்கரை குறைவு எனக்கு. அவர் மறக்கவில்லை என்பதை மனதில் குறித்துக்கொண்டேன்.

தம்ளரை வாங்கியதும் கேட்டேன். "சொல்லுங்க முரளி." வீட்டில் கூப்பிடும் 'ஏங்க' வாயில் வரவில்லை.

"என்ன சொல்ல?"

"ரூமு. வெச்சுக்கலாமா, வேணாமா? இங்க தைரியமாச் சொல்லலாம். முனிரத்னம் பர்மிஷன் குடுத்திருக்காரு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். தம்ளரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அது நான் கெளம்பறதுக்கு முந்தின வெள்ளிக்கெழமையே முடிஞ்சுபோச்சு ரேவதி."

ஒரு கன்டெய்னர் லாரி கடந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இனி டூல் உடைப்பது அங்கேயே ஒரு ஆய்வுக்கூடத்தில் நடக்கும். ஆள் இல்லாமல் இரவும் பகலும் உடைக்கிற இயந்திரம் வந்திருக்கிறது. ஓசூர் அறையைச் சித்திரையோடு மூடுவது என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டாயிற்று.

"உன் நோட்டையெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லி மெயில் வரும்," என்றார்.

"ஏர்போர்ட்ல எறங்கறப்பவே இது தெரியுமா?"

"தெரியும்."

"ரெட்டியண்ணன் வந்து அவ்ளோ நேரம் கத்திட்டுப் போனாரே, அப்ப?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்குத் திங்கக்கெழம சொல்றேன்னீங்க?"

"இங்க வெச்சுச் சொன்னா இங்க எடுத்த முடிவு மாதிரி ஆயிடுமோன்னு..."

"சொல்றது வேற, முடிவு பண்றது வேற. நாலு வார்த்த படிச்ச எனக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றார் மூன்றாம் முறையாக. டீயில் ஆடை படிந்திருந்தது. அதை விரலால் ஓரமாக ஒதுக்கினார். "லேத்தப் பாத்துட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன். பாத்ததுக்கப்பறம் வாய் வரல."

நான் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. "அப்ப நீங்க திரும்பி வர்றது?"

"அதுக்கு இப்ப தேதி எதுவும் இல்ல." பிறகு, "நீ அங்க வந்துரேன்," என்றார்.

"அங்க வந்து நான் என்னத்த எழுதறது முரளி?"

கடைக்காரர் வந்து, டீ சரியில்லையா என்று கன்னடத்தில் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று முரளி சொல்லி, ஆறிப்போனதை ஒரே மூச்சில் குடித்தார்.

ரெட்டிக்குச் சொன்னவள்

திரும்பும் வழியில் ரெட்டியின் வீட்டு முன்னால் நிறுத்தச் சொன்னேன். முரளி ஸ்கூட்டரிலேயே இருந்தார். உள்ளே போய், "காலி பண்ணிடறோம்ண்ணா," என்றேன். அவர் முரளியை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சரிம்மா," என்றார். கூரியர்க்காரனைப் பற்றி எதுவும் பேசவில்லை.

சித்திரை கடைசி வாரம் அறை காலியானது. முனிரத்னம் இப்போது போச்சம்பள்ளியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் இருக்கிறார். எப்போதாவது அவருடைய கம்பெனிப் பேருந்திலிருந்து கூப்பிடுவார். "இங்க டூலு உடைஞ்சா மெமோ தர்றாங்கக்கா. நம்மகிட்ட உடைக்கலன்னா திட்டுவீங்க," என்று சிரிப்பார்.

நோட்டுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்பினேன். பதினொரு நாள் ஆயிற்று. நான் மறுபடி பழைய ஆய்வக வேலைக்கே போய்விட்டேன்.

போன வருடம் சிப்காட் பக்கம் ஒரு பட்டறையில் அளவுக் கருவி சரிபார்க்கப் போயிருந்தபோது, அங்கே ஒரு லேத்தின் மேல் காது இருந்தது. வெள்ளை உறை, அழகான எழுத்து, அடியில் சிங்கப்பூர் முகவரி. "நல்லா வேலை செய்யுதும்மா. பாரின் சரக்கு," என்றார் பட்டறைக்காரர். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். டூலின் சத்தம் மெலிந்த நொடியில் சிவப்பு விளக்கு எரிந்து லேத் நின்றது. முனிரத்னம் விரல் தூக்கியிருக்கக்கூடிய அதே இடம்.

பாஸ்போர்ட் எடுத்துவைத்திருக்கிறேன். பீரோவில் இருக்கிறது. முரளி வருடத்துக்கு ஒரு முறை வருகிறார், ஆறேழு நாள். காலை ஆறரைக்குப் போன் இன்றும் வருகிறது. அவரிடம் காட்ட லேத் இல்லை. "பஸ்ஸு திரும்புதா? கொஞ்சம் ஜன்னலத் தெற," என்பார். திறந்து, போனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பேன். பேருந்துகள் போய் முடியும்வரை இருவரும் பேசமாட்டோம்.

பத்தும் பத்து இருபதும்

அன்று அத்திப்பள்ளியில், ஸ்கூட்டரைக் கிளப்புமுன், முரளி ஒன்று சொன்னார். அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் ரேவதி. அரை மணி நேரம் பேசினேன். அந்த ரூம மூடாதீங்கன்னு கெஞ்சினேன்."

போன ஆவணியில், ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனியிலிருந்து மின்னஞ்சலில் வந்த வேறு ஏதோ கோப்போடு அந்தக் கூட்டத்தின் குறிப்பும் சேர்ந்து வந்தது. ஒரே பக்கம். வந்திருந்தவர்கள் மூவர்: முரளி, ரோஹன், அங்குள்ள ஒரு இயக்குநர். ஓசூர் அறையை மூடும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டம் தொடங்கியது பத்து மணி. முடிந்தது பத்து இருபது.

அரை மணி நேரப் பேச்சுக்கு அதில் இடம் இல்லை.

அடுத்த நாள் ஆறரைப் போனில் கேட்டேன். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், வெளியே லிப்ட் பக்கத்தில் நின்று ரோஹனிடம் பேசியதாகவும், அது குறிப்பில் வராது என்றும் சொன்னார். வராதுதான். லிப்ட் பக்கத்தில் பேசியதை யாரும் எழுதிவைப்பதில்லை.

அந்த இயக்குநர் வேலையை விட்டுப் போய்விட்டார், முகவரி கிடைக்கவில்லை. ரோஹனுக்கு இரண்டு முறை எழுதினேன். மரியாதையாக, ஒரே ஒரு கேள்வி. இந்த அத்தியாயத்தை அனுப்பும் நாள்வரை பதில் இல்லை.

முரளி பேசியிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆசை ஆதாரம் ஆகாது. அந்த வெள்ளிக்கிழமை காலை, பத்து மணிக்கு முன்னால், முரளி எங்கள் அறைக்காகப் பேசினார் என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.